மடற்குழுக் காலத்துப் பேச்சு

அரசு அலுவலகத்தில் ஒரு பைலை முடித்து வைக்கும்போது, அது இன்னும் எத்தனை வருஷம் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே எழுதிவிடுவோம். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். டி.டிஸ். பத்து வருஷம். கே.டிஸ். மூன்று. எல்.டிஸ். ஒரே வருஷம். தமிழில் எழுத ஆரம்பித்த பிறகு ப.மு., மூ.மு., ஓ.மு. என்று போட்டோம். என்னோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். முப்பத்தைந்து வருஷம் இந்த எழுத்துகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அதில் எட்டு வருஷம் ரெக்கார்டு ரூமில்.

ரெக்கார்டு ரூம் என்றால் தூசி, கரப்பான், சிவப்புத் துணிக்கட்டு என்றுதான் பலருக்குத் தோன்றும். எனக்கு அங்கே பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எந்தக் காகிதத்தை எப்போது அழிக்கலாம் என்று ஒருவர் யோசித்து, கையெழுத்துப் போட்டிருப்பார். அழித்த பிறகும், இன்ன தேதியில் இன்னது அழிக்கப்பட்டது என்று பதிவேட்டில் ஒரு வரி நிற்கும். பைல் போனாலும் போன சேதி மிஞ்சும். பழைய காகிதம் கடைசியில் எங்கே போகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி மறுநாள் காலையில் வாசலைப் பெருக்கும்போது வெடித்த காகிதத்தில் யாரோ ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டு எழுத்து பாதி தெரியும். சிவகாசிப் பட்டாசுக்குள் எத்தனை பேருடைய கையெழுத்து சுருண்டு கிடக்கிறதோ.

பைலில் இரண்டு பகுதி உண்டு. வந்த கடிதமும் போன கடிதமும் இருப்பது நடப்புக் கோப்பு. மற்றது குறிப்புக் கோப்பு. எழுத்தர் ஒரு குறிப்பு எழுதுவார். தலைமை எழுத்தர் அதன் கீழே, 'விதி இப்படி இல்லையே' என்று எழுதுவார். எழுத்தர் விளக்கம் தருவார். கடைசியில் அதிகாரி ஒரு வரியில் முடித்து வைப்பார். வெளியே போகும் உத்தரவை மட்டும் படித்தால் என்ன முடிவானது என்று தெரியும். குறிப்புக் கோப்பைப் படித்தால்தான் அது ஏன் அப்படி முடிவானது, யார் மறுத்தார், யார் பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் விளங்கும். அதுவும் தேதி வரிசை கலையாமல் இருந்தால் மட்டும். தாள் முன்பின்னாகிவிட்டால் பதில் முதலிலும் கேள்வி பின்னாலும் வந்து, தெனாலிராமன் கதை மாதிரி ஆகிவிடும்.

இத்தனை பீடிகையும் எதற்கென்றால், இணையத்தில் தமிழ் வந்த முதல் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக் குறிப்புக் கோப்பு என்ன ஆயிற்று என்று எழுதத்தான்.

இன்று கைபேசியில் தமிழ் தானாக வருகிறது. பேசினால்கூட எழுதிக்கொள்கிறது. இது யாரோ ஒரு கம்பெனி ஒருநாள் காலையில் கொடுத்த வரம் என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். தொண்ணூறுகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை என்பவர் தமிழ்.நெட் என்று ஒரு மடற்குழு நடத்தினார். ஒருவர் எழுதும் மின்மடல் அத்தனை உறுப்பினர்களுக்கும் போகும். எவரும் பதில் எழுதலாம், அதுவும் எல்லோருக்கும் போகும். மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, சென்னை, இலங்கை என்று எங்கெங்கோ இருந்தவர்கள் அங்கே கூடினார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுக்கும் திட்டம். இன்றும் நடக்கிறது. நூல்கள் நம் கையில் இருக்கின்றன. எந்த நூலை முதலில் எடுப்பது, யார் தட்டுவது, யார் பிழை பார்ப்பது என்று அவர்கள் ஊர் ஊராக உட்கார்ந்து பேசிய பேச்சுதான் குறிப்புக் கோப்பு.

எழுத்துக் குறியீடும் அப்படித்தான். அன்றைய கம்ப்யூட்டர் எழுத்துருவை 256 அறை உள்ள ஒரு பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 128 அறையில் ஆங்கில எழுத்தும் எண்ணும். மேலே உள்ள அறைகளில் பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழிகளின் எழுத்துகள். தமிழ் எழுத்துரு செய்தவர்கள் மேல்தட்டு அறைகளைக் காலி செய்து தமிழை வைத்தார்கள். ஆனால் ஒருவர் 'க'வை வைத்த அறையில் இன்னொருவர் 'ள'வை வைத்தார். ஒருவர் மடலை மற்றவர் படிக்க அவருடைய எழுத்துருவையே வாங்கிப் போட வேண்டும். எல்லோருக்கும் பொதுவான ஒரு வரிசை வேண்டுமென்று பல நாட்டுத் தமிழர்கள் மின்மடலிலேயே மாதக்கணக்கில் வாதாடி உருவாக்கியதுதான் திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்து, அரசு தாம், தாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. பிறகு யூனிகோடு வந்து எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கியது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆணை நமக்குக் கிடைக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் எந்த அறை என்று அந்தக் காலத்தில் நடந்த மல்லுக்கட்டு முழுதாக ஓரிடத்தில் கிடைக்காது.

அடுத்து வந்தது யாகூ குழுமங்களின் காலம். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர், சந்தவசந்தம் என்று பெயர்களைச் சொன்னாலே சிலருக்குப் பழைய வாசனை வரும். அகத்தியரை மலேசியாவிலிருந்து டாக்டர் ஜெயபாரதி நடத்தினார். பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் சிலர் அங்கே அன்றாடம் அரட்டை அடித்திருக்கிறார்கள்.

நானும் ஒரு குழுவில் இருந்தேன். பெயர் பெரிதாக வெளியே தெரியாத குழு. உறுப்பினர் இருநூறு பேர் என்றாலும் எழுதுகிறவர்கள் முப்பது நாற்பது பேர்தான். 2001-இல் சாத்தூரில் பிரவுசிங் சென்டர் வந்த புதிதில் சேர்ந்தேன். ஆபீஸ் விட்டு வரும் வழியில் அரைமணி நேரம் உட்காருவேன். திரையில் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். 'வியூ' போய், 'என்கோடிங்' போய், 'யூசர் டிஃபைன்ட்' என்று அமுக்கினால் தமிழாக மலரும். அந்த மூன்று அமுக்கு நினைவிருக்கிறவர்கள் என் வயதுக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்.

என்னைச் சேர்த்துவிட்டது பெரியப்பா மகன், என் அண்ணன். இங்கே கொஞ்சம் குடும்பக் கதை சொல்ல வேண்டும். அப்பா வழியில் எங்களுக்குக் காரைக்கால். பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனாவுக்குப் போய், பென்ஷனோடு திரும்பியவர். நானும் அண்ணனும் பாண்டிச்சேரியில் உறவினர் வீட்டில் தங்கி, பிரெஞ்சு வழியில் படித்தோம். அப்பா தவறிய பிறகு 1968-இல் அம்மா என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு தான் பிறந்த சாத்தூருக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் பிரான்சுக்குப் போனார். தங்கை கல்யாணமாகி மறுபடி காரைக்காலுக்கே போனாள். நான் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் எழுத்தரானேன். என் பிரெஞ்சு ஆபீசில் காலணாவுக்கு உதவவில்லை.

எண்பதுகளில் அண்ணன் எழுதிய கடிதங்களில் 'மினித்தேல்' என்று ஒரு பெட்டியைப் பற்றி வரும். டெலிபோன் இலாகா சும்மா கொடுத்த சின்னத் திரையும் பலகையும். டெலிபோன் கம்பியில் மாட்டினால் ரயில் டிக்கெட் எடுக்கலாம், டைரக்டரி பார்க்கலாம், முகம் தெரியாதவர்களோடு எழுத்தில் பேசலாம். 1982-இல் நாடு முழுக்கக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் டிரங்க் கால் போட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அளக்கிறார் என்றே நினைத்தேன். 2012 ஜூன் 30 அன்று மினித்தேல் நிறுத்தப்பட்டது. பெட்டிகளைச் சிலர் இன்றும் ஆசையாக வைத்திருக்கிறார்களாம். முப்பது வருஷம் அதில் மக்கள் பேசிய பேச்சில் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. பெட்டியைப் பத்திரப்படுத்துவது சுலபம். பேச்சைப் பத்திரப்படுத்த ஒருவர் மெனக்கெட வேண்டும்.

யாகூ குழுமங்களின் முடிவும் பலருக்குத் தெரிந்ததே. 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. அந்த மாதம் 28-ஆம் தேதிக்கு மேல் புதிதாக எதையும் ஏற்ற முடியாது, டிசம்பர் 14-க்குப் பிறகு குழுவின் பக்கத்தில் உள்ள பழைய மடல்கள் அழிக்கப்படும் என்றார்கள். தங்கள் மடல்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள 2020 ஜனவரி கடைசி வரை நீட்டித்தார்கள். 2020 டிசம்பர் 15-இல் மடல் போவதும் நின்றது. கடை அவர்களுடையது. சும்மா இடம் கொடுத்தவர்கள் காலிசெய்யச் சொன்னால் செய்ய வேண்டியதுதான். என் ரெக்கார்டு ரூம் புத்திக்கு உறுத்தியது வேறு. ஒவ்வொரு குழுவையும் எடுத்து, இது ப.மு., இது நிரந்தரம் என்று பார்த்துச் சொல்ல அங்கே யாருமில்லை. மளிகைக் கணக்கும் மகன் பிறந்த சேதியும் திஸ்கி வாதமும் ஒரே சாக்கில் போயின. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் முடிந்தவரை நகல் எடுத்தார்கள். எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை.

எங்கள் குழுவின் பேச்சு தப்பியதற்கு ஒரே காரணம் பிரவுசிங் சென்டர் தம்பி. "அண்ணாச்சி, இன்பாக்ஸ் நெறஞ்சிருச்சு. பழசை அழிக்கவா, சிடியில போட்டுத் தரவா?" என்று கேட்பான். காகிதத்தை அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட எனக்குக் கை வராது. "சிடியிலயே போடுப்பா" என்பேன். ஒரு சிடிக்கு இருபத்தைந்து ரூபாய். 2001 முதல் 2010 வரை இப்படி ஒன்பது சிடி சேர்ந்தது.

2020-இல் ஊரடங்கின்போது பேத்தி எங்களோடு வந்து தங்கியிருந்தாள். சிடியைப் போட்டுப் பார்த்தாள். எட்டு திறந்தன, ஒன்று திறக்கவே இல்லை. திறந்தவற்றிலும் தமிழ் இல்லை. "தாத்தா, இது ஏதோ குப்பை மாதிரி இருக்கு" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். குப்பை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆங்கில எழுத்தின் தலையில் கொம்பு, தொப்பி, இரட்டைப் புள்ளி, அடியில் வால். ஐந்தாம் வகுப்பில் முசியே ஸ்கேலால் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த அக்சான் தெகு, செதிய், திரேமா எல்லாம் வரிசை கட்டி நின்றன. மேலே சொன்ன பீரோ கணக்குதான் காரணம். தமிழ் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர், அந்த அறையில் முதலில் குடியிருந்த பிரெஞ்சு எழுத்தைக் காட்டுகிறது. அண்ணன் தமிழில் எழுதியது அத்தனையும் என் பள்ளிக்கூடத்து எழுத்துகளுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

திஸ்கியை யூனிகோடாக மாற்ற நல்லவர்கள் சிலர் கருவி செய்து இணையத்தில் சும்மா வைத்திருக்கிறார்கள். சுரதாவின் பொங்குதமிழ் அதில் ஒன்று. முதல் மடலை அதில் ஒட்டி மாற்றியபோது, "அன்புள்ள தம்பிக்கு" என்று வந்தது. அண்ணன் 2010-இல் காலமானார். நான் சற்று நேரம் பேசவில்லை. பேத்தியும் கேட்கவில்லை.

எல்லா மடலும் ஒரே குறியீட்டில் இல்லை. சிலர் தாப், சிலர் தங்கிலீஷ், சிலர் பாதி மடல் ஒன்றில் மீதி வேறொன்றில். ஆறு மாதம் ஆனது. திறக்காத சிடியில் 2003-இன் பிற்பாதி போயிற்று என்று விட்டுவிட்டோம். வேலை நடக்கையில்தான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில் பதில் எழுதும்போது, எதற்குப் பதிலோ அந்த வரியை மேலே வைத்து, பக்கத்தில் அம்புக்குறி போடுவோம். 2004 ஜனவரியில் வந்த பதில்களுக்குள் 2003 டிசம்பர் மடல்களின் துண்டுகள் கிடந்தன. அதற்குள் இன்னொரு அம்புக்குறியில் நவம்பர்த் துண்டுகள். பொறுக்கிப் பொறுக்கிச் சில மடல்களை ஏறக்குறைய முழுதாகவே மீட்டோம். வளையாபதியும் குண்டலகேசியும் நமக்கு இப்படித்தானே கிடைத்தன? முழு நூல் போய், மற்றவர்கள் எடுத்துக்காட்டிய பாடல்கள் மட்டும் மிஞ்சின. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகமே போட்டார். அடுத்தவர் சொன்னதை மதித்து எடுத்து வைத்துப் பதில் சொல்லும் பழக்கத்துக்கு இப்படி ஒரு பலன் உண்டு.

எல்லாம் தமிழான பிறகு பேத்தி கேட்டாள். "தாத்தா, சப்ஜெக்ட் வாரியா அடுக்கவா, தேதி வாரியா அடுக்கவா?" முதலில் பொருள் வாரியாக அடுக்கிப் பார்த்தோம். ஒரே விஷயத்தைப் பற்றிய மடல்கள் ஒரே இழையாக வந்தன. படிக்க வசதி. ஆனால் படித்தபோது என்னவோ குறைந்தது. குறிப்புக் கோப்பில் தாளை உருவிவிட்ட மாதிரி இருந்தது. "தேதி வாரியாவே போடும்மா" என்றேன்.

அப்புறம் எனக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் காப்பி குடித்ததும், இருபது வருஷத்துக்கு முன்னால் அதே தேதியில் வந்த மடல்களை மட்டும் வாசிப்பது. அடுத்த நாளுடையதை எட்டிப் பார்ப்பதில்லை. சிவகாசி தினசரி காலண்டரில் நாளைய தாளை இன்றே கிழிக்காத மாதிரி.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. வெளிநாட்டில் யூஸ்நெட் என்று 1980-இல் தொடங்கிய விவாத அமைப்பு ஒன்று இருந்தது. அதன் முதல் பத்து வருஷத்துப் பேச்சு இன்று இருப்பதற்குக் காரணம் ஹென்றி ஸ்பென்சர். கனடாவில் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர். 1981-இலிருந்து 1991 வரை வந்ததையெல்லாம் காந்த நாடாக்களில் எடுத்து வைத்தார். மொத்தம் 141 நாடா, இருபது லட்சத்துக்கு மேல் மடல். 2001-இல் கூகுள் அவற்றையும் சேர்த்து இருபது வருஷத்துப் பேச்சைப் பொதுவில் வைத்தது. 2011-இல் ஜோயி ஹெஸ் என்ற கணினி வல்லுநர் அந்த மடல்களை முப்பது வருஷம் தள்ளி, அன்றன்று வந்த நேரப்படியே மறுபடி ஓடவிட்டார். 2011-இல் உட்கார்ந்தவர் 1981-இன் அதே நாளைப் படிக்கலாம். பத்து வருஷம் ஓடியது. பேத்தி இதைச் சொன்னபோது, அட, நம்ம ஜாதி ஆள் ஒருத்தர் அங்கேயும் இருக்கிறாரே என்று நினைத்தேன்.

தேதிப்படி வாசித்தால் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் குழுவில் 'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா என்று ஒரு சண்டை. எல்லாக் குழுவிலும் நடந்த சண்டைதான். புதுவருஷம் வருகிறதே என்று 2004 டிசம்பர் 22-இல் யாரோ கிளப்பிவிட்டார். அண்ணன் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. 25-ஆம் தேதி இரவு அண்ணன் நீளமாக ஒரு மடல் போட்டு, கடைசியில், இதற்கு நாளைக்குத் தம்பி என்ன சொல்கிறான் பார்க்கலாம் என்று முடித்திருந்தார். பொருள் வாரியாக அடுக்கியபோது இதற்கு அடுத்த மடல் என் பதில். அதற்கு அடுத்தது அவர் பதில். இலக்கணம் ஜோராகப் போயிற்று.

போன டிசம்பரில் தேதிப்படி வாசித்தேன். 25-ஆம் தேதி அந்த மடல். 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் சென்னை நண்பர் ஒருவர், கட்டில் ஆடியது, ராத்திரி சாப்பிட்டது காரணமா பூகம்பமா என்று கேலியாக இரண்டு வரி எழுதியிருக்கிறார். அதற்கு இன்னொருவர் கேலியாகப் பதில். ஒரு மணி நேரம் கழித்து, கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம், மெரினா பக்கம் போகாதீர்கள் என்று ஒரு வரி. அப்புறம் கொழும்பிலிருந்து ஒன்று. அப்புறம் அண்ணன்: காரைக்காலுக்கு போன் கிடைக்கவில்லை, இந்தியாவில் இருப்பவர்கள் யாராவது முயலுங்கள். பதினொன்றரைக்கு நான்: எனக்கும் தங்கச்சி வீட்டு லைன் போகவில்லை. அதற்குப் பிறகு குழுவில் வந்ததெல்லாம் பெயர்கள்தான். இன்னார் நலம், இன்னாரைப் பற்றித் தகவல் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. அன்று காலை அது யாருக்கும் தெரியாது. 28-ஆம் தேதி, தங்கச்சி பேசிவிட்டாள், பிள்ளைகளும் நலம் என்று என் மடல். அண்ணன் அதற்கு ஒரே ஒரு சொல் பதில் எழுதியிருந்தார்: 'முருகா'. ஞானஸ்நானம் வாங்கிய வீட்டில் பெண் எடுத்து, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போன மனுஷர்.

வாழ்த்துகள் சண்டை மறுபடி தொடங்கியது ஜனவரி 9-ஆம் தேதி. அண்ணன்தான் தொடங்கினார். நாம் விட்ட இடம் ஒற்று மிகுமா மிகாதா என்பது, தம்பி தப்பிக்கப் பார்க்க வேண்டாம் என்று. அந்தப் பதினைந்து நாளைப் பார்க்காமல் படித்தால் அது வெறும் இலக்கணச் சண்டை. பார்த்துவிட்டுப் படித்தால், வீட்டில் எழவு விழுந்து, எல்லாம் ஆன பிறகு, ஒருவர் மெல்ல 'அடுப்பைப் பத்த வைம்மா' என்று சொல்வது போல இருக்கிறது. சொற்கள் ஒன்றுதான். தேதிதான் அர்த்தம் சொல்கிறது.

பாண்டிச்சேரியில் படித்தவனுக்கு இங்கே ஆனந்தரங்கப் பிள்ளை நினைவு வராமல் போகாது. துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியாக இருந்தவர். 1736-இலிருந்து 1761 வரை, துரை என்ன சொன்னார், துரைசானி என்ன சொன்னாள், நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதி வைத்தார். அது 1846-இல் கலுவா மோன்பிரேன் கண்ணில் படும்வரை வெளியுலகத்துக்குத் தெரியாது. அடுத்த நாள் என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதியதால்தான் அதற்கு அந்த உயிர். எங்கள் கரிசல் பக்கமும் உதாரணம் உண்டு. கோவில்பட்டியைத் தாண்டினால் இடைசெவல். அந்த ஊர்க் கு. அழகிரிசாமி தனக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்து புத்தகமாகக் கொண்டுவந்தார். கி.ரா. கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்தார் என்பது எனக்குத் தனிச் சந்தோஷம். அந்தப் புத்தகத்தில் ஒருவர் குரல் மட்டும்தான் கேட்கும், மற்றவர் என்ன கேட்டிருப்பார் என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். மடற்குழுவில் இரண்டு குரலும் உண்டு, நாற்பது குரலும் உண்டு. அதைத் தமிழில் முதன்முதலாகப் பெற்ற தலைமுறை நாங்கள்.

எல்லாவற்றையும் வைத்திருக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் நியாயம். மடற்குழுவில் பேசியவர்கள் அச்சுக்கு எழுதவில்லை. கோபத்தில் சொன்னது உண்டு, குடும்ப ரகசியம் கொட்டியது உண்டு. ஆபீசில் இதற்குத்தான் ரகசியக் கோப்பு என்று தனிப் பூட்டு. நான் என்ன செய்தேன் என்றால், தொடர்பு கிடைத்த பழைய உறுப்பினர்களுக்கெல்லாம் எழுதினேன். என்னிடம் நகல் இருக்கிறது, விரும்பினால் தருகிறேன், உங்களுடையதை எடுத்துவிடச் சொன்னாலும் எடுக்கிறேன். பதினெட்டுப் பேர் கேட்டு வாங்கினார்கள். இரண்டு பேர் எடுத்துவிடச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் குழுவிலேயே அழகாக எழுதியவர். காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. எடுத்துவிட்டேன். இப்போது சில இடங்களில் பதில் இருக்கிறது, கேள்வி இல்லை. அந்த இடத்தில் 'உறுப்பினர் விருப்பப்படி நீக்கப்பட்டது' என்று தேதி போட்டு ஒரு வரி வைத்திருக்கிறேன். பழைய பழக்கம். அந்தப் பிரதி எங்கள் வட்டத்துக்குள்தான் இருக்கிறது. பொதுவில் வைக்கவில்லை.

இதையெல்லாம் எழுதுவது பெருமைக்கு இல்லை. உங்களில் பெரும்பாலோர் பள்ளித் தோழர்கள், ஓய்வூதியர் சங்கம், சொந்தக்காரர்கள் என்று நாலைந்து வாட்ஸப் குழுவில் இருப்பீர்கள். காலை வணக்கப் படங்களை விடுங்கள். அதற்கு நடுவே, யாருக்கு ஆஸ்பத்திரி, யார் வீட்டில் விசேஷம், வைப்பாற்றில் தண்ணீர் வந்தது, நிப்பு செய்த பட்டறைகள் எந்தத் தெருவில் இருந்தன என்று நல்ல பேச்சும் ஓடுகிறது. போன் மாறினால் போகும், குழு நடத்துபவர் போனாலும் போகும். வருஷத்துக்கு ஒருமுறை, தை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்களேன், குழுவைத் திறந்து 'எக்ஸ்போர்ட் சாட்' என்று இருப்பதை அமுக்கி, படங்கள் இல்லாமல் என்று சொன்னால், தேதியும் பெயருமாகப் பேச்சு எழுத்துக் கோப்பாக உங்கள் ஈமெயிலுக்கு வந்துவிடும். குழுவில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வீட்டில் பிள்ளைகளிடம் இன்னொரு நகல் கொடுங்கள். எதை ஓ.மு. என்று தள்ளலாம், எதை நிரந்தரம் என்று வைக்கலாம் என்பதைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். முடிவெடுப்பவர்கள் பேசியவர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

என் கணக்கில் இப்போது 2005 நடக்கிறது. குழுவில் யூனிகோடுக்கு மாறலாமா வேண்டாமா என்று தகராறு. அண்ணன் மாறக் கூடாது என்ற கட்சி. நாளைக்கு அவர் என்ன எழுதியிருப்பார் என்று தெரியாது. இன்னும் ஐந்து வருஷத்து மடல் பாக்கி இருக்கிறது.